ரத்த பிளாஸ்மாவில் ஹாட்டேர் ஆர்என்ஏவை அளப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு ரத்தத்திலேயே அடையாளம் தேடும் ஆய்வில் இருக்கிறேன். ஹாட்டேர், எச்19, மாலட்1 ஆகிய மூன்று நீள் குறியிடா ஆர்என்ஏக்களை (புரதம் உருவாக்காத நீண்ட ஆர்என்ஏக்கள்) பார்க்கிறோம். ஹாட்டேர் மிகுந்த கட்டிகள் பரவும் வாய்ப்பு அதிகம் என்று 2010இல் நேச்சர் இதழில் வந்தது. ஆனால் அது கட்டித் திசுவில் பார்த்தது. ரத்தத்தில் கிடைப்பதோ மிகச் சொற்பம்.

அளவைச் சரிபார்க்க எந்த ஆர்என்ஏவை ஒப்பீடாக வைப்பது என்பதில்தான் சிக்கல். செல்களில் கைகொடுக்கும் ஜிஏபிடிஎச் மரபணுவின் ஆர்என்ஏ, பிளாஸ்மாவில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆரைக் கெடுக்கும் என்பதால், அதற்குப் பதில் ஈடிடிஏ உள்ள வயலட் மூடி ட்யூப்தான் எடுக்கிறோம். சுழற்றியபின் மேலே நிற்கும் பிளாஸ்மா லேசாகச் சிவந்திருந்தாலே எனக்குப் பயம். உடைந்த சிவப்பணுக்களின் ஆர்என்ஏவும் கலந்திருக்கும். ஹீமோகுளோபின் கலந்திருக்கிறதா என்று 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து பார்க்கிறோம், சரி, எந்த மதிப்புக்கு மேல் ஒதுக்குகிறீர்கள்?

ஒப்பீட்டுக்காக வெளியிலிருந்து லூசிஃபெரேஸ் ஆர்என்ஏ (மனித ரத்தத்தில் இல்லாத ஒன்று) சேர்ப்பவர்கள் அதை எந்தக் கட்டத்தில் சேர்க்கிறீர்கள்? அப்புறம், பிளேட்லெட்டை நீக்க இரண்டாம் முறை வேகமாகச் சுழற்றுகிறீர்களா? ரத்தம் எடுத்து எவ்வளவு நேரத்துக்குள்?

மார்பகப் புற்றுநோய்க்கு இப்போதுள்ள சிஏ 15-3 ரத்தச் சோதனை ஆரம்ப நிலையைக் கண்டுபிடிக்கப் போதாது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு, நீள் குறியிடா ஆர்என்ஏ வகையைச் சேர்ந்த பிசிஏ3ஐ அளக்கும் சிறுநீர்ச் சோதனை 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்பகத்துக்கும் இது முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். சரிவராமல் போன முறைகளையும் தயவுசெய்து எழுதுங்கள். அவைதான் எங்கும் அச்சில் கிடைப்பதில்லை.