11 மணி விதி காணுமா? சித்திரை ஸ்கீ டூர் தாள் பற்றி ஒரு வாக்குவாதம்

கரடிப்போக்கு | இரவு 7.50

சுவிசில இருக்கிற எங்கட ஊர்ப் பிள்ளையள் சித்திரைக் கடைசியில அல்ப்ஸில ஸ்கீ டூர் போகினம். லிஃப்ற் இல்லை. ஸ்கீக்கு அடியில ஸ்கின் (பின்னுக்கு வழுக்காமல் பிடிக்கிற ரோமப் பட்டி) ஒட்டி, 1000, 1200 மீற்றர் உயரம் தாங்களே ஏறி, பிறகு ஸ்கின்னை உரிச்சுப்போட்டு இறங்குற பயணம். அவைக்குத் தமிழில ஒரு பக்கத் தாள் எழுதுறம். கிளிநொச்சியிலயும் மல்லாவியிலயும் இருந்து எழுதினாலும், இந்தத் திரியில இருக்கிறவை எல்லாரும் அங்க கன வருசம் பனியில திரிஞ்சவைதான். வெயிலில இளகின பனி சரிவில இருந்து பெயர்ந்து வந்து ஆக்களை மூடுற பனிச்சரிவுக்காக எழுதின 4ஆவது விதி இது:

"காலை 11 மணிக்குப் பிறகு 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில ஒருத்தரும் நிக்கக்கூடாது."

ஒத்துக்கொள்ளாதவை காரணத்தோட எழுதுங்கோ.

மல்லாவி மேற்கு | இரவு 8.15

நான் ஒத்துக்கொள்ளேல்லை அண்ணை. பனிக்கு மணி தெரியாது.

ஆவணி, புரட்டாசியில வத்தின குளத்துக்குள்ள நடந்து பாத்தவைக்கு இது விளங்கும். மேல ஓடு மாதிரிக் காய்ஞ்சு வெடிச்சிருக்கும், கீழ சேறு. ஓடு தடிப்பா இருக்கிற இடத்தில மாடும் நடக்கும். மெல்லிசான இடத்தில முழங்கால் வரைக்கும் போகும். வசந்தகாலப் பனியும் அதேதான். பகலில உருகின தண்ணி இரவில உறைஞ்சு மேல ஒரு ஓட்டைக் கட்டுது. அந்த ஓடுதான் எங்களைத் தாங்குது, சரிவையும் பிடிச்சு வைச்சிருக்குது. அது எப்ப இளகும் எண்டுறது எந்தப் பக்கச் சரிவு, எவ்வளவு சாய்வு, இரவு எவ்வளவு உறைஞ்சது எண்டதைப் பொறுத்தது.

கிழக்குச் சரிவில விடிஞ்ச உடனே வெயில் விழும். அங்க சித்திரைக் கடைசியில 9 மணிக்கே ஓடு இளகியிருக்கும். அதில 10.45க்கு நிக்கிறவன் "இன்னும் 15 நிமிசம் இருக்கு" எண்டு உங்கட தாளைக் காட்டுவான். அதே நாள் வடக்குச் சரிவு மத்தியானமும் இறுகித்தான் கிடக்கும். பிழையான இடத்தில நிம்மதியும், பயப்படத் தேவையில்லாத இடத்தில பயமும் குடுக்கிற விதி அது.

முறிகண்டி | இரவு 8.40

தம்பி, பனியைப் பற்றி நீங்கள் சொல்லுறதில பிழை இல்லை. மனிசரைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்கேல்லை. நாலு மணித்தியாலம் ஏறி, உச்சி 150 மீற்றரில தெரியேக்க, "ஓடு இன்னும் தாங்குது, பாருங்கோ" எண்டு சொல்ல ஒருத்தர் கட்டாயம் வருவார். ஸ்கீப் பொல்லால ரெண்டு குத்துக் குத்திப்போட்டு ஏறுவினம். பனியின்ர நிலையைப் பற்றி எவ்வளவும் வாதாடலாம். மணிக்கூட்டோட வாதாட ஏலாது. களைச்ச குழுவுக்கு வாதாட முடியாத விதிதான் வேணும்.

கணக்கையும் பாருங்கோ. 1200 மீற்றர் ஏற்றம், 6 கிலோமீற்றர் தூரம். மணித்தியாலத்துக்கு 300 மீற்றர் ஏறினால் 4 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 4 கிலோமீற்றர் நடந்தால் ஒண்டரை. பெரிசை முழுசா எடுத்து, சின்னனில பாதியைக் கூட்டினால் 4 மணி 45 நிமிசம். தண்ணி குடிக்க, உடுப்பு மாத்த, ஸ்கின் உரிக்க ஒரு அரை மணி. விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டால் 10.15க்கு உச்சி. 6.30க்கு வெளிக்கிட்டால் 11.45. 11 மணி எண்டு ஒரு கட்டு இருந்தால்தான் இந்தக் கணக்கை ஆக்கள் முதல்நாள் இரவே போடுவினம். கட்டு இல்லாட்டி ஒருத்தரும் வெள்ளன எழும்பாயினம்.

புதுக்குடியிருப்பு அக்கா | இரவு 9.05

ரெண்டு பேரும் காலமையில இருந்து தொடங்குறியள். இது தொடங்குறது முதல்நாள் இரவு.

தை மாசத்து வெளிச்ச இரவில முத்தத்தில விட்ட சைக்கிள் விடிய நனைஞ்சு கிடக்கும். மாமரத்துக்குக் கீழ நிக்கிற சைக்கிள் காய்ஞ்சிருக்கும். வெட்டைவெளியில நிக்கிற பொருள் தன்ர சூட்டை வானத்துக்கு விட்டு, சுத்தியிருக்கிற காத்தை விடக் குளிர்ந்துபோகுது. மரக்கொப்பு அந்தச் சூட்டைத் திருப்பி அனுப்புது. பனியிலயும் இதேதான் நடக்குது. வானம் வெளிச்சா, காத்து காய்ஞ்சிருந்தால், காத்தின்ர வெப்பநிலை +3 பாகையா இருந்தாலும் பனியின்ர மேற்பரப்பு உறையும். முகில் மூடினால் அதுதான் மாமரம். இரவு முழுக்க மூடியிருந்தால் ஓடு கட்டாது, இல்லாட்டி ரெண்டு விரல் தடிப்பில மட்டும் கட்டும். அப்பிடியான நாளில 11 மணி எண்டுறது வெறும் எழுத்து. விடிய 6 மணிக்கே அந்தச் சரிவு அழுகின பனிதான்.

அதால 4ஆவது விதிக்கு முதல் இன்னொரு விதி வேணும். விடியப்புறம் 4 மணிக்கு மலைக்குடில் வாசலில நிண்டு மேல பாருங்கோ. வெள்ளியள் (நட்சத்திரம்) தெரியுதா? பிறகு சப்பாத்தோட பனியில ஏறி நில்லுங்கோ. ஓடு முழுப் பாரத்தையும் தாங்குதா? ரெண்டுக்கும் "ஓம்" இல்லையெண்டால் செங்குத்துச் சரிவுப் பக்கம் போகாதேங்கோ. திரும்பிப் படுங்கோ.

டாவோஸில இருக்கிற பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் பின்னேரம் 5 மணிக்கு விடுற அறிக்கையையும் இரவுச் சாப்பாட்டுக்கு முதல் வாசிக்கச் சொல்லுங்கோ. ஆபத்து 5 படியில இருக்கும். இலக்கத்தை மட்டும் பாத்துப்போட்டு மூட வேண்டாம். வசந்தகாலத்தில ஈரப்பனிச்சரிவைப் பற்றித் தனியாச் சொல்லியிருப்பினம், பகலில அது எப்பிடிக் கூடும் எண்டும் எழுதியிருப்பினம்.

முறிகண்டி | இரவு 9.20

அக்கா சொல்லுற வாசல் சோதனையை நான் அப்பிடியே ஏத்துக்கொள்ளுறன். ஆனால் அது "போகலாமா" எண்டதுக்குப் பதில். "எப்ப திரும்புறது" எண்டதுக்கு இல்லை. அதுக்கு இன்னும் மணிக்கூடுதான் வேணும்.

மல்லாவி மேற்கு | இரவு 9.45

திரும்புறதுக்கும் பனியே சொல்லும் அண்ணை. மூண்டு அடையாளம். பாறையளுக்குக் கீழ இருந்து பனி உருண்டையள் தானா உருளத் தொடங்கும். ஸ்கீயைக் கழட்டி நிண்டால் கால் கணுக்கால் தாண்டி இறங்கும். பொல்லைக் குத்தேக்க முதல் ஓடு தட்டுப்படாமல் சப்பெண்டு போகும். இதில ஒண்டு வந்தாலும் வெளியேற வேணும், அது 9.10 ஆ இருந்தாலும்.

மற்றப் பக்கமும் இருக்கு. நல்லா உறைஞ்ச செங்குத்துச் சரிவில 8 மணிக்கு இறங்கினால் அது கண்ணாடி. விழுந்தால் நிக்க மாட்டியள். மேல 2 சென்ரிமீற்றர் மட்டும் இளகி, கீழ இறுகியிருக்கிற நேரம்தான் ஃபிர்ன். மணிக்குப் பயந்து அதுக்கு முதல் இறங்கச் சொல்லுறதும் ஆக்களை அடிபட வைக்கும். உச்சியில அரை மணித்தியாலம் காத்திருக்கிறது சில நாளில சரியான முடிவு.

இன்னொண்டு, உங்கட தாளில இல்லவே இல்லாதது: வழுக்குப் பனிச்சரிவு. பனி முழுத் தடிப்பும் நிலத்தில இருந்தே, புல்லிலயோ வழுவழுப்பான பாறையிலயோ வழுக்கிக்கொண்டு வரும். அதுக்கு முதல் சரிவில மீன்வாய் மாதிரி வளைஞ்ச வெடிப்பு தெரியும், உள்ளுக்க மண் நிறம். அது இரவு 2 மணிக்கும் விழும், பகல் 2 மணிக்கும் விழும். வெடிப்புக்குக் கீழ நிக்கவே கூடாது எண்டு எழுதாமல் 11 மணி எண்டு மட்டும் எழுதினால் அந்தத் தாள் அரைகுறை.

ஒட்டுசுட்டான் | இரவு 10.10

வழுக்குப் பனி பற்றி மல்லாவி சொன்னது கட்டாயம் சேரவேணும்.

ஆனால் எல்லாரும் பனிச்சரிவை மட்டுமே கதைக்கிறியள். 2018 ஏப்ரல் கடைசியில, பிரான்சில இருக்கிற ஷாமோனியில இருந்து சுவிசில இருக்கிற செர்மாற்றுக்குப் போற நீண்ட ஸ்கீ டூர்ப் பாதையில, பின் தாரோலா மலைப் பக்கம் 14 பேர் புயலுக்குள்ள அகப்பட்டு இரவு வெளியில கிடந்தவை. 7 பேர் செத்துப்போச்சினம். வினியெற் மலைக்குடில் அங்கயிருந்து சில நூறு மீற்றர்தான். அவையைக் கொண்டது பனிச்சரிவு இல்லை. காத்து, குளிர், கண்ணுக்கு ஒண்டும் தெரியாத வெள்ளை. அந்தக் குடில் 3100 மீற்றருக்கு மேல இருக்கு. எங்கட நாட்டின்ர அதி உயர்ந்த மலை பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். அந்த உயரத்தில சித்திரை மாசம் எண்டாலும் காத்து மாறினால் நடு மாரி.

அதால தாளில முதல் வரி வானிலையா இருக்கட்டும். பாதை ஜி.பி.எஸ்ஸில ஏத்தியிருக்க வேணும், கைபேசிக்கு மேலதிக மின்கலம் உடம்புச் சூட்டில இருக்க வேணும், வெளியில இரவு தங்க வேண்டி வந்தால் உள்ளுக்க பூந்து கிடக்க ஆளுக்கொரு பனிக்கூடாரப் பை, தடிச்ச ஜக்கெற், மாத்துக் கையுறை. பனியாறு கடக்கிறதெண்டால் கயிறும் இடுப்புப் பட்டியும். பிளவுகளுக்கு மேல இருக்கிற பனிப்பாலமும் அதே உறைவிலதான் நிக்குது. மத்தியானம் அது இளகும்.

கரடிப்போக்கு | இரவு 10.25

சாமான் பட்டியலில எல்.வி.எஸ் கருவி (பனிக்குள்ள புதைஞ்சவரைச் சமிக்ஞையால தேடுறது), புதைஞ்ச இடத்தைக் குத்திப் பாக்கிற 240 சென்ரிமீற்றர் குத்துக்கம்பி, உலோக மண்வெட்டி மூண்டும் ஆளுக்கொண்டு எண்டு இருக்கு. சுவிஸ் மீட்பு இலக்கம் 1414, ஐரோப்பா முழுக்க 112. வேறென்ன?

ஒட்டுசுட்டான் | இரவு 10.40

எல்.வி.எஸ்ஸைப் பையுக்க வைக்க வேண்டாம், உடம்பில கட்டச் சொல்லுங்கோ. கைபேசி அதில இருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேணும், தேடேக்க 50. வாசலிலயே ஒவ்வொருத்தரின்ர கருவியும் அனுப்புதா எண்டு ஒருத்தர் நிண்டு பாக்க வேணும். புதைஞ்சவருக்கு முதல் 10, 15 நிமிசம்தான் நல்ல வாய்ப்பு. ஹெலி அதுக்குள்ள வராது. மிச்சம் நிக்கிறவைதான் கிண்ட வேணும். ஈரப்பனி நிண்ட உடனே சீமெந்து மாதிரி இறுகும். பிளாஸ்ரிக் மண்வெட்டி அதில உடைஞ்சுபோகும்.

புதுக்குடியிருப்பு அக்கா | இரவு 10.55

ஹார்ஷ்ஐசன் எழுதாமல் விட்டிட்டியள். ஸ்கீயின்ர ரெண்டு பக்கத்தாலும் பனியைக் கடிக்கிற பல்லு. விடியப்புறம் உறைஞ்ச ஓட்டில ஸ்கின் மட்டும் பிடிக்காது. குறுக்கச் சாய்ஞ்சு போகேக்க ஸ்கீ அப்பிடியே கீழ வழுக்கும். ஸ்கீயின்ர நடு அகலத்தை அளந்து வாங்க வேணும். 88 மில்லிமீற்றர் ஸ்கீக்கு 80 மில்லிமீற்றர் ஐசன் ஏறாது. வீட்டில மாட்டிப் பாக்காமல் மலையில மாட்டுறவைதான் கரைச்சல்படுறது. சரிவுக்கு முதல், மட்டமான இடத்திலயே மாட்டுங்கோ. நடுச் சரிவில ஒற்றைக்காலில நிண்டு மாட்டுறது வேண்டாத வேலை. ஏறேக்க சப்பாத்தின்ர குதிக்கு முட்டுக் குடுக்கிற குதிக்கால் தூக்கியை உயர்த்தினால் பல்லு பனிக்குள்ள இறங்குறது குறையும். அதால பல்லு போட்ட உடனே தூக்கியை ஒரு படி இறக்குங்கோ.

ஸ்கின் நனையிறது மற்றது. வெயிலில ஈரப்பனியில நடந்து, நிழலில குளிர்ப்பனிக்குள்ள போனால், ரோமத்தில இருக்கிற தண்ணி உறைஞ்சு பனி ஒட்டத் தொடங்கும். அடியில கட்டி கட்டியா ஏறி ஒவ்வொரு காலும் பாரமாகும். மற்ற ஸ்கீயின்ர விளிம்பால சுரண்டி, ஸ்கின் மெழுகை ரோமம் படுத்த பக்கமா நல்லாத் தேய்க்க வேணும். இறங்கேக்க ஸ்கின்னைப் பசைப்பக்கம் சேத்து மடிச்சு, ஜக்கெற்றுக்குள்ள நெஞ்சோட வையுங்கோ. குளிர்ந்து நனைஞ்ச பசை ரெண்டாவது ஏற்றத்தில ஒட்டாது.

வெயிலையும் எழுதுங்கோ. கறுத்த தோல் எண்டு விட வேண்டாம். பனி கீழயிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நாடிக்குக் கீழ, மூக்குக்குக் கீழ, உதடு எல்லாம் எரியும். வெயில் கண்ணாடி 3ஆம் அல்லது 4ஆம் தரம்.

கரடிப்போக்கு | இரவு 11.20

4ஆவது விதியை இப்பிடி மாத்துறன்:

"வானம் மூடின இரவுக்குப் பிறகு 30 பாகைச் சரிவுக்குப் போகாதே. உறைஞ்ச இரவெண்டால், திரும்பும் மணியை முதல்நாள் இரவே சரிவின்ர திசையைப் பாத்து எழுது: கிழக்கு 9.30, தெற்கு 10.30, மேற்கு 12. பனி உருண்டை, கணுக்கால், சப்பெண்ட பொல்லு, இதில ஒண்டு வந்தால் மணி பாக்காமல் திரும்பு. நிலம் தெரியிற வெடிப்புக்குக் கீழ எந்த மணியிலயும் நிக்காதே."

மல்லாவி மேற்கு | இரவு 11.30

நல்லம். அந்த மணிகளுக்குப் பக்கத்தில "ஆகப் பிந்தினால்" எண்டு போடுங்கோ. உறைவு மெல்லிசெண்டால் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு.

முறிகண்டி | இரவு 11.40

"ஆகப் பிந்தினால்" எண்டதுக்கு நான் சம்மதம். மேற்குக்கு 12 எண்டதுக்கு இல்லை. மேற்குச் சரிவுக்குப் போறவை பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தாலதான் ஏறினவையா இருப்பினம், குடிலுக்குத் திரும்பி வாற பாதையும் அதுவா இருக்கலாம். 12க்கு மேற்கை விட்டவர் 1 மணிக்கு எந்தச் சரிவுக்குக் கீழால போறார்? மணியை உச்சிக்கு எழுதாதேங்கோ. கடைசி 30 பாகைச் சரிவைக் கடந்து முடிக்கிற நேரத்துக்கு எழுதுங்கோ.

கரடிப்போக்கு | இரவு 11.50

ஓம், அது சரி. மேற்கை 11.30 ஆக்கி, "கடைசிச் சரிவைக் கடந்து முடிக்க" எண்டு மேல போடுறன். நாளைக்குப் பின்னேரம் திருத்தின தாளை இஞ்ச ஏத்துறன். ஹார்ஷ்ஐசன் வரியை அக்கா ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.