நெடுந்தூர ஜூம் லென்ஸ் தேடியபோது: பெங்களூரு ஏரிக்கரை அனுபவங்கள்

அல்சூரிலிருந்து:

பறவைகளைப் படம் எடுப்பதற்கென்று நீளமான ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்க வேண்டும் என்று ஓராண்டுக்கும் மேலாக அலைந்தேன். அந்த அலைச்சலில் கண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வழியில் நடந்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்த்தால், புதிதாக வாங்க வருபவருக்குப் பணமும் மிஞ்சும், மனக்கசப்பும் மிஞ்சாது.

என்னிடம் இருப்பது நிகான் டி7200 கேமரா. படம் பதியும் சென்சார் அதில் முழு அளவைவிடச் சிறியது, அதைத்தான் கிராப் சென்சார் என்பார்கள். அதனுடன் 70-300 லென்ஸ் ஒன்றை (குவியத் தூரம் 70 முதல் 300 மி.மீ., எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகும்) பல ஆண்டுகள் வைத்திருந்தேன். அல்சூர் ஏரிக்கரையில் கரும்பருந்துகள் தலைக்கு மேலேயே வட்டமிடும் என்பதால் அதுவரை எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. ஹெப்பாள் ஏரிக்குப் போன பிறகுதான் போதாமை தெரிந்தது. நடுத்திட்டு மரத்தில் கூழைக்கடாக்கள் அமர்ந்திருந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், இறகுகளின் வரிகள் எல்லாம் கரைந்து சாம்பல் பூச்சாக இருந்தன.

நான் இயந்திரக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் அளந்து பார்க்காமல் மனம் ஒப்பாது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பறவை 150 மீட்டர் தொலைவில் இருந்தால், 300 மி.மீ. லென்ஸ் அதன் உருவத்தைச் சென்சாரின் மீது வெறும் 3 மி.மீ. நீளத்துக்குத்தான் வரையும். சென்சாரின் அகலமோ 23.5 மி.மீ. 600 மி.மீ. லென்ஸ் வாங்கினாலும் அது 6 மி.மீ. ஆகும், அவ்வளவுதான், அதே 300 லென்ஸோடு 75 மீட்டருக்கு நெருங்க முடிந்தாலும் அதே 6 மி.மீ. கிடைத்துவிடும். கிராப் சென்சாரில் 300 லென்ஸ் 450 ஆகிவிடும் என்று கடைகளில் சொல்வது பாதி உண்மையே. பார்வைக் கோணம் குறுகுகிறதே தவிர, லென்ஸ் வரையும் உருவம் ஒரு மயிரிழைகூட வளர்வதில்லை.

இந்தக் கணக்கு தெரிந்தும் ஆசை விடவில்லை. நண்பர் ஒருவர் தம்முடைய சிக்மா 150-600 ஸ்போர்ட்ஸ் லென்ஸை இரண்டு நாட்களுக்குக் கொடுத்தார். அதன் எடை 2.86 கிலோ, கேமராவோடு சேர்த்தால் மூன்றரைக் கிலோவைத் தாண்டும். குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வலசை வரும் ஹெசரகட்டா புல்வெளிக்கு அதை எடுத்துச் சென்றேன். வண்டியை நிறுத்தி இறங்கும்போது காலை ஒன்பதரை மணி. பருந்து புல்லின் தலையை உரசுவதுபோலத் தாழ்வாகப் பறந்து வந்தது. லென்ஸை 600இல் வைத்துக்கொண்டே தேடியதால் காட்சித் துளையில் வெறும் வானமும் புல்லும் மாறி மாறி ஓடின. அகப்பட்டபோது அது நெடுந்தொலைவு போய்விட்டது. அப்படியும் நாற்பது படங்கள் எடுத்தேன். ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. திரையில் பெரிதாக்கினால், காய்ந்த தோசைக்கல்லின் மேல் எழும் அனலின் ஊடே பார்ப்பதுபோல இறக்கையின் ஓரம் நெளிந்து நெளிந்து தெரிந்தது.

லென்ஸில்தான் பழுது என்று எண்ணி நண்பரிடம் சொல்லவும் துணிந்துவிட்டேன். அவர் விளக்கம் ஏதும் சொல்லாமல், மறுநாள் ஆறே முக்காலுக்கு அதே இடத்தில் நின்று பார்க்கும்படி சொன்னார். மறுநாள் அதே லென்ஸ், அதே இடம், ஏறக்குறைய அதே தொலைவு. வேலிக்கம்பத்தின் மீது அமர்ந்திருந்த பறவையின் கண்ணில் விழுந்த ஒளிப்புள்ளிகூடத் தனியாகத் தெரிந்தது. வெயில் ஏறித் தரை சூடானதும் காற்றடுக்குகள் கலங்கி, தொலைவில் உள்ளவற்றைக் குலைத்துவிடுகின்றன. லென்ஸ் நீள நீள அந்தக் கலக்கமும் சேர்ந்தே பெரிதாகிறது. எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியாலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே கடையில் நின்று லென்ஸைச் சோதிப்பவர்களும், நண்பகலில் ஏரிக்கரையில் சோதிப்பவர்களும் தவறான முடிவுக்கே வருவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த இரண்டாம் நாளில் இன்னொன்றும் பழகினேன். லென்ஸை 300க்குக் குறைத்து, பறவையைச் சட்டத்துக்குள் பிடித்த பிறகே 600க்கு நீட்ட வேண்டும். ஆனால் பதினைந்து நிமிடங்களில் இடது மணிக்கட்டு நடுங்கத் தொடங்கியதால், அந்த லென்ஸ் எனக்கானது அன்று என்பதும் அன்றே தெரிந்துவிட்டது. எடையைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கைகொண்ட்ரஹள்ளியிலிருந்து:

ஐயா, எடை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவம் முழுவதும் அதைச் சுற்றியதுதான். நான் தினமும் விடியற்காலையில் ஏரியைச் சுற்றி நடப்பவள். கேமரா அந்த நடைக்குத் துணையாக வருவதே தவிர, கேமராவுக்காக நான் நடப்பதில்லை. வலது தோளில் பழைய வலி உண்டு. என் தம்பி மகன் தன்னுடைய இரண்டு கிலோ எடையுள்ள ஜூம் லென்ஸைக் கொடுத்துப் பார்த்தான். முதல் வாரம் எடுத்துச் சென்றேன். இரண்டாம் வாரம் ஞாயிறு மட்டும். அதற்குப் பிறகு அது அலமாரியில் இருந்தது.

இப்போது என்னிடம் இருப்பது கேனான் ஆர்7 கேமராவும் ஆர்எஃப் 100-400 லென்ஸும். லென்ஸின் எடை 635 கிராம்தான். 2021இல் வந்த இந்த லென்ஸில் 400 மி.மீ.இல் ஒளி புகும் துளை எஃப் 8 வரைதான் திறக்கும் (எஃப் எண் கூடினால் ஒளி குறையும்) என்பதால், எனக்கு நல்லெண்ணத்தோடு அறிவுரை சொன்ன அனைவரும் வேண்டாம் என்றே சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. சூரியன் எழுவதற்கு முன் நாணலுக்குள் நிற்கும் குருட்டுக் கொக்கை இதில் எடுத்தால் படம் முழுவதும் மணல் தூவியதுபோல ஆகிவிடும். ஏழு மணிக்குப் பிறகோ எனக்கு ஒரு குறையும் இல்லை.

யாரும் எனக்குச் சொல்லாத ஒரு நன்மையும் உண்டு. இந்த லென்ஸ் ஒரு மீட்டர் தொலைவில் உள்ளதையும் ஃபோக்கஸ் செய்கிறது. சென்ற மழைக்காலத்தில் நடைபாதைக் கம்பியில் ஒரு சிவப்புத் தட்டான் வந்து அமர்ந்தது. நின்ற இடத்திலிருந்தே எடுத்தேன். இறக்கையில் உள்ள வலைநரம்புகளையும், அதன் மேல் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு நீர்த்துளியையும் எண்ணிப் பார்க்க முடிந்தது. பெரிய 150-600 லென்ஸ்களில் பலவற்றுக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் பின்னால் நகர வேண்டியிருக்கும். குறுகலான நடைபாதையில் பின்னால் நகர்ந்தால் ஓடி வருபவர் மீதுதான் மோத வேண்டும்.

எந்த லென்ஸையும் வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து, குறைந்தது மூன்று காலைகளாவது சுமந்து பாருங்கள். முதல் நாள் உற்சாகத்தில் எதுவும் கனக்காது.

ஜலஹள்ளியிலிருந்து:

அம்மா சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் கபினி போன்ற காட்டுச் சஃபாரி இடங்களில் எடை ஒரு பொருட்டல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சஃபாரி வண்டியில் டிரைபாட் விரிக்க இடமே இல்லை. நான் காலிப் பையாக ஒரு பீன் பேக்கைக் கொண்டுபோய், அங்கே இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, வண்டியின் கம்பி மீது வைத்து அதன் மேல் லென்ஸைக் கிடத்திவிடுவேன். ஓட்டுநரிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னால் போதும். எஞ்சின் ஓடும்போது வரும் அதிர்வை எந்த அதிர்வு தாங்கும் அமைப்பாலும் முழுவதும் சரிசெய்ய முடிவதில்லை.

ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம் வேறு வகை. படகு மஞ்சள் மூக்கு நாரைகளின் கூடுகளுக்கு மிக அருகிலேயே செல்லும். நான் ஜூம் இல்லாத நீண்ட லென்ஸோடு போனபோது நாரையின் தலை மட்டும், அலகு மட்டும் என்றே படங்கள் வந்தன. பக்கத்தில் இருந்தவர் 100-400 வைத்துக்கொண்டு முதலையையும் எடுத்தார், தலைக்கு மேல் பறந்த ஆற்று ஆலாவையும் எடுத்தார். ஜூம் எதற்கு என்பது அந்தப் படகில்தான் எனக்குப் புரிந்தது.

செம்மண் புழுதியில் திரிபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். நீட்டும்போது குழாய் வெளியே வரும் லென்ஸ்கள் உண்டு. சோனி 200-600, நிகான் இசட் 180-600 போல, நீளம் மாறாமல் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸ்களும் உண்டு. இரண்டாம் வகையில் ஜூம் செய்யும்போது கையில் எடைச் சமநிலை அதிகம் மாறுவதில்லை. வெளியே வந்த குழாயில் ஒட்டிய புழுதி உள்ளே இழுபடுவதும் இல்லை. பைக்குள் அதிக இடம் பிடிப்பதுதான் அதற்கான விலை.

பழைய லென்ஸ் வாங்கி ஏமாந்தவன் நான். விற்றவர் நல்லவராகத்தான் பேசினார். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து, இருட்டறையில் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தபோதுதான், உள்ளே மூன்றாவது கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்ந்திருந்தது தெரிந்தது. மழைக்காலத்தில் பையோடு மூடி வைத்ததால் வந்தது. வாங்கும் இடத்திலேயே டார்ச் அடித்துப் பாருங்கள். வாங்கிய பிறகு ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். அது முடியாதவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலும் போதும்.

மீண்டும் அல்சூரிலிருந்து:

இருவருக்கும் நன்றி. நடந்ததை முழுவதும் எழுதிவிடுகிறேன்.

உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கான புதிய லென்ஸ்கள் என் டி7200இல் பொருந்தாது. கேமராவையும் சேர்த்து மாற்ற என்னிடம் பணம் இல்லை. எனவே 2015இல் வந்த நிகான் 200-500 எஃப் 5.6 லென்ஸை மூன்று நாட்கள் வாடகைக்கு எடுத்தேன். எடை 2.3 கிலோ. ஸ்போர்ட்ஸ் லென்ஸுக்கும் இதற்கும் அரைக் கிலோ சொச்சம்தான் வேறுபாடு என்றாலும், ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாடில் நிறுத்தியபோது முக்கால் மணி நேரம் சிரமமின்றி நிற்க முடிந்தது. 500 மி.மீ. வரையிலும் எஃப் 5.6 குறையாமல் இருப்பது எனக்குப் பெரிதாகப்பட்டது. அந்தச் சிக்மா லென்ஸ் 600 மி.மீ.இல் தரும் எஃப் 6.3 உடன் ஒப்பிட்டால் வேறுபாடு மூன்றில் ஒரு ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). ஆனாலும் என்னுடையது போன்ற, கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோக்கஸ் பிடிக்கும் சென்சார்களுக்கு விடியற்காலை வெளிச்சத்தில் அந்தச் சிறு கூடுதலும் உதவியது. லால்பாக்கின் பெரிய மரங்களுக்கடியில் 1/500 நொடியில் எடுத்தபோது ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ. 5000 வரை உயர்ந்தது, ஆனால் ஃபோக்கஸ் தடுமாறவில்லை.

அந்த மூன்று நாட்களில் லால்பாக் ஏரியைச் சுற்றி, படம் எடுத்த ஒவ்வொரு பறவைக்கும் எவ்வளவு தொலைவு என்று காலடியால் மதிப்பிட்டுக் குறித்துக்கொண்டே வந்தேன். பெரும்பாலானவை 10 முதல் 30 மீட்டருக்குள்ளேயே இருந்தன. மைனா அளவுள்ள பறவை 10 மீட்டரில் இருந்தால், 500 மி.மீ. லென்ஸ் சட்டத்தின் பாதியை நிரப்பிவிடுகிறது. ஹெப்பாளின் நடுத்திட்டை மனத்தில் வைத்து 600 வேண்டும் என்று ஏங்கினேன். நான் உண்மையில் நிற்கும் கரைகளுக்கு அது தேவைப்படவில்லை.

வாங்கும்போதும் ஒரு தொல்லை வந்தது. ஒரு கடையில் விலை கணிசமாகக் குறைவாக இருந்தது. ரசீதைக் கேட்டபோது வரிசை எண் எழுதாத வெறும் தாளை நீட்டினார்கள், இந்திய உத்தரவாத அட்டையும் இல்லை என்றார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். பிறகு வேறு இடத்தில், ஒருவர் பயன்படுத்திய லென்ஸையே அசல் ரசீதோடு வாங்கினேன். ஜலஹள்ளித் தம்பி சொன்ன டார்ச் சோதனையை அப்போது அறியாமலே செய்திருந்தேன் என்பதில் எனக்கு நிம்மதி.

ஒரு சோதனையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசையில் ஐந்து பேட்டரி செல்களைச் சாய்வான வரிசையில் நிறுத்தி, நடுவில் உள்ளதன் மீது ஃபோக்கஸ் வைத்து எடுத்தேன். தெளிவாக விழுந்தது அதற்குப் பின்னால் இருந்த செல். கேமராவிலேயே உள்ள ஃபோக்கஸ் நுண்திருத்தத்தில் சிறிது சிறிதாக மாற்றி, நான்காவது முயற்சியில் நடுச்செல்லின் எழுத்துகள் கூர்மையாயின. மறுநாள் காலை அல்சூர் ஏரிக்கரையில் கரும்பருந்து ஒன்று வேலிக்கல்லில் இறங்கியது. 22 காலடித் தொலைவு. அதன் மூக்கடியில் உலர்ந்து ஒட்டியிருந்த மீன்செதிள் வரை படத்தில் விழுந்திருக்கிறது.