ரெண்டு புல்வெட்டிக்கு ஒரே பேட்டரி: கழற்றினா இன்ஜின் நின்னுடுது

கேள்வி:
உட்கார்ந்து ஓட்டுற புல்வெட்டி ரெண்டு இருக்கு. ஒண்ணு 17.5 எச்பி ஒத்தை சிலிண்டர், இன்னொண்ணு 22 எச்பி ரெட்டை சிலிண்டர். தேறின பேட்டரி ஒண்ணுதான், 12 வோல்ட் 32 ஏஎச் (ஆம்பியர்-மணி). முதல் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, அடுத்ததுல மாட்டலாம்னு பேட்டரியைக் கழற்றினா, ரெண்டு மூணு நொடியில இன்ஜின் இருமி நின்னுடுது. பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் கொடுக்கிற மேக்னட்டோ இக்னிஷன்தானே, பேட்டரி எதுக்கு?

பதில் 1:
ஸ்பார்க்குக்கு வேண்டாம், பெட்ரோலுக்கு வேணும். கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில வயரோட ஒரு சொலினாய்டு (கரண்ட்ல வேலை செய்யுற வால்வு) இருக்கும். சாவியை ஆன் பண்ணினா ‘டிக்’னு கேக்கும். கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் அதோட முனை கீழ இறங்கி ஜெட்டை, அதாவது பெட்ரோல் போற சின்னத் துவாரத்தை, திறந்து வைக்கும். சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர்கள்ல பலது பேட்டரி வோல்ட்டைப் பார்த்தாதான் சார்ஜே கொடுக்கும். பேட்டரியை எடுத்ததும் சொலினாய்டு மூடிக்குது, கிண்ணத்துல மிச்சம் இருந்தாலும் ஜெட்டுக்குப் போகாது.

சொலினாய்டை எடுத்துட்டு போல்ட் போட்டு அடைக்கச் சொல்லுவாங்க. கேக்காதீங்க. அப்போ இன்ஜின் நிக்காதுதான், ஆனா ஓடும்போது பேட்டரியைக் கழற்றினா வோல்ட் எகிறி ரெகுலேட்டரே போகலாம்.

கேட்டவர்:
சரி சார். ரெண்டும் ஒரே நேரத்துல ஓட வேண்டியதில்ல. மாத்தி மாத்திப் போட்டுக்கலாமா?

பதில் 2:
தாராளமா. ஆனா தினமும் 10-ஆம் நம்பர் ஸ்பேனரைப் பிடிச்சா டெர்மினல் காது ஆடிப்போயிடும். ரெண்டு வண்டியிலயும் பேட்டரியிலயும் ஒரே நிற ஆண்டர்சன் பிளக் (ஸ்பேனர் இல்லாம கையால மாட்டிக் கழற்றுற கனெக்டர்) போட்டுடுங்க. கேபிள் 16 ஸ்கொயர் எம்எம், லக்ஸைக் (கேபிள் முனையில மாட்டுற உலோகக் காது) கிரிம்ப் பண்ணணும், அதாவது நசுக்கி இறுக்கணும். வெறும் ஈயம் வெச்சா செல்ஃப் இழுக்கிற சூட்டுல இளகிடும்.

முக்கியமா பிளஸ் எந்தப் பக்கம்னு பாருங்க. இந்த அளவு பேட்டரி இடது பிளஸ், வலது பிளஸ்னு ரெண்டு விதமா வருது. வயர் எட்டுதேன்னு திருப்பி மாட்டினா ரெகுலேட்டருக்குள்ள இருக்கிற டயோடு அங்கேயே காலி. மாட்டும்போது பிளஸ் முதல்ல, கழற்றும்போது நெகட்டிவ் முதல்ல. சாவி ஆஃப்ல இருக்கட்டும்.

பதில் 3:
சார்ஜ் பத்திக் கவலை வேண்டாம். 150 ஆம்ப்ல 5 நொடி செல்ஃப் அடிச்சா செலவு 0.2 ஏஎச்தான். 3 ஆம்ப் சார்ஜிங்கா இருந்தாலும் அரை மணி ஓட்டத்துல அதைவிட நிறையவே திரும்பிடும். ரெண்டு வண்டியிலயும் முழு த்ராட்டில்ல மீட்டர் வெச்சுப் பாருங்க, 13.8க்கும் 14.4 வோல்ட்டுக்கும் நடுவுல நிக்கணும். ஒண்ணு 12.5லயே நின்னா அது சார்ஜ் பண்ணல, இன்னொரு வண்டி ஏத்தினதைத்தான் தின்னுட்டிருக்கு.

கேட்டவர்:
22 எச்பியில 12.4 காட்டுது. ரெகுலேட்டர் வயரைத் தேடிட்டிருக்கேன்.