சாப் சூயி: இறைச்சியை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்

சாப் சூயி என்றால் பொரித்த நூடுல்ஸ் மேல் இனிப்பும் புளிப்புமாகச் சிவப்பு சாஸ் ஊற்றி, மேலே ஒரு முட்டையும் வைத்து நம் ஊர் ஹோட்டல்களில் தருவார்களே, அதைத்தான் நினைத்திருந்தேன். சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிவந்த பிறகுதான் இங்கே அது வீட்டுச் சமையல் என்று தெரிந்தது. பன்றி இறைச்சி, செலரி, நாப்பா கோஸ் (நீளமான சீன முட்டைகோஸ்), காளான், பயறு முளை, கொஞ்சம் குழம்பு, சுடுசோறு. அவ்வளவுதான்.

முதல் தடவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன். கோஸும் முளையும் விட்ட தண்ணீரிலேயே இறைச்சி வெந்து சவசவ என்று ஆகிவிட்டது. கீழ் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், தெற்குச் சீனாவின் தாய்ஷானில் இருந்து வந்த குடும்பம். இறைச்சியை முதலில் வதக்கி எடுத்து வை, கடைசியில் திரும்பப் போடு என்றார்.

இப்போது 300 கிராம் இறைச்சியை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கொஞ்சம் இறுகியதும் நாருக்குக் குறுக்காக மெல்லிசாக வெட்டி, ஒரு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் போட்டுப் பிசறி வைக்கிறேன். வாணலி நன்றாகக் காய்ந்ததும் பரப்பிவிட்டு, ஒரு பக்கம் சிவக்கும்வரை கிளறாமல் விட்டு, புரட்டி, உள்ளே சிவப்பு போனதும் எடுத்துவிட வேண்டும். அப்புறம் வெங்காயம், செலரி, காளான், கோஸ். முளை கடைசியில், அரை நிமிடம் போதும். இறைச்சியைத் திரும்பப் போட்டு, அரை கப் சிக்கன் ஸ்டாக், ஆய்ஸ்டர் சாஸ், வெள்ளை மிளகுத்தூள், கரைத்த கார்ன்ஃப்ளார். மாவு அடியில் தங்கியிருக்கும், ஊற்றும் முன் இன்னொரு முறை கலக்குங்கள். பால் போல இருக்கும் குழம்பு கொதித்து, கண்ணாடி மாதிரி தெளிந்து பளபளத்தால் அடுப்பை அணைத்துவிடலாம்.

இது போலிச் சீன உணவு என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். 1896-ல் சீன அரசதந்திரி லி ஹோங்ஜாங் நியூயார்க் வந்தபோது பிறந்தது என்று ஒரு கதை உண்டு. ஆனால் 1888-லேயே அமெரிக்காவில் இருந்த சீனப் பத்திரிகையாளர் வோங் சின் ஃபூ இதைச் சீனர்கள் வழக்கமாக உண்ணும் உணவாக எழுதியிருக்கிறார், அதில் கோழி ஈரலும் பன்றி இரைப்பையும்கூட இருந்தன. பெயருக்குப் பொருளே பலதும் கலந்த துண்டுகள் என்பதுதான். அதனால் செலரி இல்லாத நாளில் நான் பீன்ஸ் போடுகிறேன், பாட்டியும் சரி என்றுதான் சொன்னார்.

சோறு வேகும் நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுப்பு பற்றவைக்கும் முன்பே எல்லாம் நறுக்கிக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.