உதவி: பிஸ்டலுக்கு எந்த ரெட் டாட் வாங்கலாம்? அவசரம்

பாளை_51:
வணக்கம். டார்கெட் பிஸ்டலுக்கு ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) வாங்க வேண்டும். புள்ளி 2 எம்ஓஏ (கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) நல்லதா, 4 எம்ஓஏ நல்லதா? குழாய் வகையா, திறந்த கண்ணாடி வகையா? அடுத்த மாதம் மேட்ச். கடைக்காரர் நாளைக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தென்காசிச் சாரல்:
எந்த பிஸ்டல் அண்ணாச்சி? ஏர் பிஸ்டலா, பாயிண்ட் டூ டூவா? எத்தனை மீட்டர்? மேலே சைட் மாட்டும் தண்டவாளம் 11 மி.மீ. டவ்டெயிலா, பிக்காட்டினியா? டவ்டெயில் என்றால் பிக்காட்டினி மவுண்ட் உட்காராது.

வள்ளியூர் காற்று:
எதுவானாலும் குழாய் வகைதான். திறந்த வகையில் புள்ளியை வீசுகிற விளக்கு வெளியே இருக்கிறது. ஆடிக் காற்றில் ஒரு நாள் வெளியே வைத்தால் போதும், புழுதி படிந்து புள்ளி மங்கிவிடும். அமெரிக்காவில் புல்ஸ்ஐ என்ற பிஸ்டல் போட்டியில் சுடுகிறவர்கள் 25 கஜம், 50 கஜத்தில் ஒற்றைக் கையால் சுடுகிறார்கள். அங்கே ரெட் டாட் சகஜம். குழாய் வகையில் புள்ளி எங்கே போனது என்று தேட வேண்டியதும் இல்லை.

அம்பை அனுபவஸ்தன்:
தம்பி, முதலில் கணக்கு தெரிந்துகொண்டு வாருங்கள். 1 எம்ஓஏ என்பது 10 மீட்டரில் சுமார் 2.9 மி.மீ., 25 மீட்டரில் 7.3, 50 மீட்டரில் 14.5. ஏர் பிஸ்டல் அட்டையில் பத்தாம் வளையம் 11.5 மி.மீ. அதன் மேல் 4 எம்ஓஏ புள்ளியை வைத்தால் வளையமே மறைந்துவிடும். 25 மீட்டர் பிரிசிஷன் அட்டையில் பத்து 50 மி.மீ., அங்கே அதே புள்ளி சின்னதுதான். தூரத்தைச் சொல்லாமல் எம்ஓஏ கேட்பது, கால் அளவைச் சொல்லாமல் செருப்பு கேட்பது மாதிரி.

பாளை_51:
மன்னிக்கணும். ஏர் பிஸ்டல், 10 மீட்டர். வயசு 51. ஒரு வருஷமாக முன் சைட் (குழல் நுனியில் இருக்கும் குறி) மங்கலாகத் தெரிகிறது, அதனால்தான் கேட்டேன்.

வள்ளியூர் காற்று:
அப்படியானால் ரெட் டாட் உங்களுக்காகவே செய்தது. அட்டையைப் பார்த்தால் போதும், புள்ளி தெளிவாகத் தெரியும். 2 எம்ஓஏ எடுங்கள்.

அம்பை அனுபவஸ்தன்:
கண்ணுக்குச் சுகம், கைக்குக் கெடுதல். கை ஆடுவதையெல்லாம் புள்ளி பெரிதாகக் காட்டும். அது நடுவுக்கு வரும் நொடியைப் பிடிக்கப் பார்த்து ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பான். முன் சைட்டில் வளர்ந்தவன்தான் நிதானமாக இழுப்பான்.

வள்ளியூர் காற்று:
முன் சைட்டிலும் கை ஆடத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்தால்தானே திருத்த முடியும்? நான் டாட் வைத்துப் பழகியபிறகுதான் ட்ரிகரில் என் தப்பே எனக்குப் புரிந்தது.

அம்பை அனுபவஸ்தன்:
நீங்கள் எத்தனை மேட்ச் சுட்டிருக்கிறீர்கள்?

தென்காசிச் சாரல்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அண்ணாச்சி, புள்ளி உருண்டையாகத் தெரிகிறதா, நட்சத்திரம் மாதிரி சிதறுகிறதா? கடையில் சைட் வழியாகப் போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் உருண்டையாக இருந்து கண்ணுக்கு மட்டும் சிதறினால் கோளாறு கண்ணில்தான், அஸ்டிக்மாட்டிசமாக (விழி வளைவு சீராக இல்லாத பார்வைக் கோளாறு) இருக்கலாம். எந்த விலைக்கு வாங்கினாலும் அது போகாது.

தூத்துக்குடி உப்பு:
யாரும் இதைக் கேட்கவில்லையே, அது எந்த மேட்ச்? ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனம்) விதிப்படி என்றால் பிஸ்டல் பிரிவுகளில் திறந்த சைட், அதாவது கண்ணாடியோ லென்ஸோ இல்லாத வெறும் முன் பின் சைட் மட்டும்தான். ரெட் டாட்டோடு போனால் ஆயுதச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் திறந்த சைட்டில்தான். தயவுசெய்து பணம் கட்டிவிடாதீர்கள். கண்ணாடி போட்டுச் சுடலாம், அதற்குத் தடை இல்லை. லென்ஸை பிஸ்டலில் மாட்டத்தான் கூடாது. பிஸ்டலை நீட்டிப் பிடித்து, கண்ணிலிருந்து முன் சைட் வரை யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவோடு கண் டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் தூரப்பார்வை பவரோடு +0.50 அல்லது +0.75 சேர்த்தால் போதும். முன் சைட் கூர்மையாகத் தெரியும், அட்டை லேசாக மங்கும். அது மங்கித்தான் இருக்க வேண்டும்.

வள்ளியூர் காற்று:
விதியை நான் யோசிக்கவில்லை. தூத்துக்குடிக்காரர் சொல்வதுதான் சரி. ஆனால் பயிற்சிக்கு டாட் நல்லது என்பதில் மாற்றமில்லை.

அம்பை அனுபவஸ்தன்:
பயிற்சிக்கும் வேண்டாம்.

பாளை_51 (ஒன்பது நாள் கழித்து):
ஐஎஸ்எஸ்எஃப் மேட்ச்தான். டாட் வாங்கவில்லை. அளந்தோம், 94 செ.மீ. +0.50 சேர்த்துக் கண்ணாடி போட்டிருக்கிறேன், முன் சைட் விளிம்பு தெரிகிறது. எல்லோருக்கும் நன்றி. கிளப்புக்குக் கிளம்புகிறேன்.