ஆறு மாதமாகப் படிக்கிறேன், டூல்ஸ் எல்லாம் தெரியும், போஸ்டர் மட்டும் கத்துக்குட்டி வேலையாகவே இருக்கிறது

புதுத்தூரிகை:
வணக்கம். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டிலும் லேயர், மாஸ்க், பென் டூல் எல்லாம் தடையில்லாமல் வருகிறது. ஒரு போஸ்டரைக் காட்டி அப்படியே செய்யச் சொன்னால் செய்துவிடுவேன். வெறும் ஆர்ட்போர்டைத் திறந்து ஒரு நிகழ்ச்சிக்கு ஏ3 போஸ்டர் போடு என்றால்தான் தடுமாற்றம். நாலு ஃபாண்ட், கிரேடியன்ட், ஷேடோ என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் நெரிசலாக நிற்கிறது. தமிழ் எழுத்து வந்தால் இன்னும் மோசம். என்ன பயிற்சி, எந்த வரிசையில்? முன்னேறுகிறேனா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

கட்டமும்கோடும்:
கையில இருக்கறதைக் குறைங்க. முதல் பத்து போஸ்டர் ஏ4ல, கறுப்பு மட்டும், ஒரே எழுத்துரு, ரெகுலர், போல்டு ரெண்டு தடிமன், மூணு அளவு. படம் வேண்டாம், எஃபெக்ட் வேண்டாம். ஒளிஞ்சுக்க இடமில்லாதப்போதான் எங்க தடுமாறுறீங்கன்னு தெரியும். ஏ4ல சரியா வந்ததை 141% பெரிசாக்கினா அப்படியே ஏ3ல உட்கார்ந்துடும்.

கம்ப்யூட்டரைத் தொடறதுக்கு முன்னாடி, தகவல்களுக்கு 1, 2, 3ன்னு எண் போடுங்க. தலைப்பும் 1, தேதியும் 1, சிறப்பு விருந்தினரும் 1னு வருதா? நெரிசல் அங்கதான் ஆரம்பிக்குது, லேஅவுட்ல இல்ல. அப்புறம் பேப்பர்ல தீப்பெட்டி அளவுக்கு 15 குட்டி வரைவு. முதல் ஐஞ்சாறு எல்லாருக்கும் வர்றதுதான்: நடுவுல தலைப்பு, கீழ தேதி. அதைத் தாண்டணும்.

கிரிட்டுக்கு, அதாவது பக்கத்தைப் பிரிக்கற கட்டமைப்புக்கு, கணக்கு: ஏ4 அகலம் 210 மி.மீ. ரெண்டு பக்கமும் 15 விட்டா மிச்சம் 180. தலா 25 மி.மீ.ல மேலிருந்து கீழா 6 பத்தி (column), நடுவுல 6 மி.மீ. இடைவெளி, சரியா முடிஞ்சுடும். தலைப்பு நாலு பத்தியில, விவரம் ரெண்டு பத்தியில வெச்சுப் பாருங்க. எல்லாத்தையும் சென்டர் பண்ற பழக்கம் தானா போயிடும்.

எழுத்தளவை 1.5 மடங்கா ஏத்துங்க: 12, 18, 27, 40, 60. இதுல மூணை எடுத்துக்கலாம், பக்கத்துப் பக்கத்து அளவா இருக்கணும்னு இல்ல. 12, 27, 60 நல்லா நிக்கும். 24ம் 20ம் சேர்த்து வெச்சா கண்ணுக்குத் தப்பா தெரியும், வித்தியாசமா தெரியாது. இடைவெளியிலயும் அதே தான்: சேர்ந்த தகவலுக்கு நடுவுல 4 மி.மீ.ன்னா, சேராததுக்கு நடுவுல 12ஆவது வேணும். ரெண்டும் 7, 8ன்னு இருந்தா எது எதோட சேர்ந்ததுன்னு படிக்கறவருக்குப் புரியாது. புதுசா கத்துக்கறவங்க கட்டம், கோடு, ஷேடோ எல்லாம் போட்டுப் பிரிக்கப் பார்க்கறது பெரும்பாலும் இந்த இடைவெளியைச் சரியா விடாததாலதான்.

எழுத்தாணி:
தமிழ் மோசமாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம், மென்பொருளின் இயல்பு அமைப்பு ஆங்கிலத்தை மனத்தில் வைத்தது என்பதே. ஆட்டோ லீடிங், அதாவது மென்பொருள் தானாக வைக்கும் வரி உயரம், எழுத்தளவில் 120%. நம் எழுத்தில் மேலே கீ, லீ கொக்கி, கீழே மூ, ழூ சுழி. 120%இல் இரண்டும் மோதும். 145 முதல் 160% வரை வைத்துப் பாருங்கள். தலைப்பில் இரண்டே வரி என்றால் மோதல் இல்லாத அளவுக்குக் கண்ணால் குறைக்கலாம்.

டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) தொடாதீர்கள். ‘கொ’வை அகட்டினால் ஒற்றைக்கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி, மூன்று தனி உருக்களாகத் தெரியும். பத்தியை இரு பக்கமும் சமப்படுத்துவதும் அப்படித்தான்: நம் சொற்கள் நீளம், ஒடுங்கிய பத்தியில் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும், இடையில் ஓட்டை விழும். இடப்பக்கம் ஒட்டியே விடுங்கள்.

தமிழில் கேப்பிடல் இல்லை. சாய்வெழுத்து என்று மென்பொருள் காட்டுவது பெரும்பாலும் நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்ததுதான். அதனால் வேறுபடுத்தக் கையில் இருப்பவை அளவு, தடிமன், நிறம், இடம். போல்டு இல்லாத எழுத்துருவுக்கு ஸ்ட்ரோக் கொடுத்துத் தடிமனாக்கினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 4, 5 தடிமன் உள்ள யூனிகோட் எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள்.

‘கெ’ தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள், எழுத்துகளைக் கோத்து வரியாக அமைக்கும் கம்போசரை மாற்ற வேண்டும். இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்டு-ரெடி கம்போசர். இல்லஸ்ட்ரேட்டரில் ப்ரெஃபரன்சஸ், டைப் பகுதியில் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்.

அச்சுமை:
மேலே சொன்னவற்றோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. பத்து போஸ்டர் வரை நிறமே வேண்டாம் என்பது அதிகம். நான்காவதிலேயே கறுப்போடு ஒரு நிறம் சேர்க்கலாம். சேர்த்ததும் கிரேஸ்கேலில் (நிறமில்லாத சாம்பல் வடிவில்) பாருங்கள். தலைப்பு பின்னணியில் கரைந்தால் நிறத்தை மாற்றிப் பயனில்லை, வெளிர்-அடர் வேறுபாடு போதவில்லை. திரைக்குச் செய்வதானால் சிறிய எழுத்துக்கு கான்ட்ராஸ்ட் 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 குறைந்தபட்சம்.

அச்சுக்குப் போகும் கோப்பில் புதியவர்கள் தவறுவது: 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் பின்னணி) விடாதது, ஆர்ஜிபியில் (திரை நிறம்) பளிச்சென்று இருந்த நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கேயில் (நான்கு மை அச்சு நிறம்) மங்குவதைக் கடைசி நாளில் கண்டுபிடிப்பது, சிறிய எழுத்தை நான்கு மையும் கலந்த கறுப்பில் விடுவது. அச்சுப் பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்தோரத்தில் நிறம் எட்டிப்பார்க்கும். எழுத்துக்கு கே 100, அதாவது முழுக் கறுப்பு மை மட்டும்.

முன்னேற்றத்துக்கு அளவுகோல் கேட்டீர்கள். போஸ்டரை 5 விநாடி காட்டி மறைத்து, பார்த்தவர் எதை முதலில் சொல்கிறார் என்று கேளுங்கள். நீங்கள் 1 என்று எண்ணிட்டதையே சொன்னால் சரி. ‘நல்லா இருக்கா’ என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். அதோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே அறிவிப்பைப் பழையதைத் திறக்காமல் புதிதாகச் செய்து, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியதில் ஒவ்வோர் அளவுக்கும் காரணம் சொல்ல வருகிறதா என்பதுதான் கணக்கு.

புதுத்தூரிகை:
மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: 1200 பிக்சல் அகலப் படத்தை ஏ3 முழு அகலத்துக்கும் போடலாமா?

அச்சுமை:
ஏ3 அகலம் 297 மி.மீ., அதாவது 11.7 அங்குலம். 1200ஐ வகுத்தால் அங்குலத்துக்கு 103 பிக்சல்கூட வராது, கிட்டே நின்று பார்ப்பவருக்கு மசமசவென்றிருக்கும். ரெசல்யூஷன் கட்டத்தில் அச்சுக்கு வழக்கமான 300 என்று தட்டி ரீசாம்பிள் செய்தால் (மென்பொருளே பிக்சல்களைக் கூட்டினால்) எண் மாறும், இல்லாத விவரம் வராது. அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சுருக்குங்கள், 300ஐத் தாண்டிவிடும். மிச்ச இடத்தை வெறுமையாக விடுங்கள்.