அம்மன் திருவிழா மேடையில் பம்பையும் வயலினும் கிட்டாரும்: இசை உண்மையாகவே சேருமா?

கேள்வி: குடியாத்தம் விழாக் குழு உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் எங்கள் தெரு மாரியம்மனுக்கு ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் திருவிழா நடைபெறும். இரவு நிகழ்ச்சிக்கு வழக்கமாகத் திரைப்பாடல் கச்சேரிதான் ஏற்பாடு செய்வோம். இந்த ஆண்டு குழுவில் உள்ள இளைஞர்கள் வேறொரு யோசனையோடு வந்திருக்கிறார்கள். பம்பை உடுக்கைக் குழுவினரும், எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் வயலின் ஆசிரியை ஒருவரும், ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் ஊறிப்போய் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவரும் ஒரே மேடையில் அமர்ந்து வாசிக்க வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். வயலின் ஆசிரியை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டுவிட்டார். பம்பைக் குழுவின் பெரியவர் மட்டும், "தாராளமாக வாசிக்கலாம், ஆனால் அம்மனை அழைக்கும் வர்ணிப்பு பாடும்போது எந்த இடத்தில் வேகம் ஏறும் என்று எங்களுக்கே முன்கூட்டித் தெரியாது, அவர்களால் கூடவே வர முடியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. சென்ற ஆண்டு வேறோர் ஊரில் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தேன். கீபோர்டும் டிரம்ஸும் முன்வரிசையில் இருக்க, பம்பைக் கலைஞர்கள் பின்னால் நிறுத்தப்பட்டிருந்தார்கள். கையைக் காட்டும்போது அடித்தார்கள், மறுபடி காட்டும்போது நிறுத்தினார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க வாசிக்க, கைத்தட்டலோடு முடிந்தது. அதைச் சேர்ந்து வாசித்ததாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வெவ்வேறு இசை மரபினர் எதிர்பாராத வகையில் கைகோத்த முயற்சிகளில் எவை உண்மையாகவே ஒரே இசையாகத் திரண்டன, அதற்குக் காரணம் என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: காட்பாடி, மிருதங்க மாணவர்

உங்கள் கேள்வியைப் படித்தவுடன் நினைவுக்கு வந்தது சக்தி குழுதான். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயரில் பேரோசையோடு எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஜான் மெக்லாக்லின், 1970களின் நடுவில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு தரையில் அமர்ந்து வாசித்த குழு அது. 1976இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும் உண்டு. பலரும் அந்தக் குழுவின் வேகத்தையே வியந்து பேசுவார்கள். என்னைக் கவர்ந்தது வேறு. மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். அத்தோடு நில்லாமல், தம் கிட்டாரையே மாற்றிச் செய்வித்துக்கொண்டார். மெட்டுகளுக்கு (விரல் பலகையில் பதித்த குறுக்குக் கம்பிகளுக்கு) இடையே உள்ள மரத்தைக் குழிவாகக் குடைந்ததால், விரல் பலகையில் இடிக்காமல் கம்பியை ஆழமாக அழுத்தவும் வளைக்கவும் முடிந்தது, கமகம் என்னும் சுர அசைவைப் பிடிக்க இடம் கிடைத்தது. இசைத்துளையின் குறுக்கே மற்ற கம்பிகளின் அதிர்வில் தாமே ஒலிக்கும் தனிக் கம்பிகளும் பூட்டப்பட்டன. அவர் விருந்தாளியாக வந்து உட்காரவில்லை, எதிரில் இருப்பவரின் இசைக்காகத் தம் கருவியையும் கையையும் மாற்றிக்கொண்டு வந்தார். 2023இல் வெளிவந்து மறு ஆண்டு கிராமி விருது பெற்ற இசைத்தொகுப்பு வரை அந்தக் குழுவின் பெயர் நிலைத்திருப்பதற்கு இந்த உழைப்பே அடித்தளம் என்று கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. சிதார் மேதை ரவிசங்கரும் மேற்கத்தியச் செவ்வியல் வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹினும் சேர்ந்து வெளியிட்ட 1967ஆம் ஆண்டு இசைத்தட்டில், திலங் ராகத்தை அடிப்படையாகக் கொண்ட ஓர் உருப்படியை ரவிசங்கர் முன்கூட்டியே அமைத்துத் தர, மெனுஹின் அதைப் பயின்று வாசித்தார். மனோதர்மம், அதாவது அந்தந்தக் கணத்தில் கற்பனையாக வாசிப்பது, மெனுஹினின் மரபில் முதன்மையான பழக்கம் அன்று என்பதை இருவருமே உணர்ந்திருந்தார்கள். அந்தப் பதிவில் மரியாதை நிறைய இருக்கிறது, ஆனால் சக்தியில் கேட்கும் உரையாடல் அதில் இல்லை என்பது என் கருத்து.

உங்கள் குழுப் பெரியவர்கள் யாரேனும் வயலின் நம் மரபு, கிட்டார் அந்நியம் என்று சொன்னால், பாலுசுவாமி தீட்சிதர் காலத்தை நினைவூட்டுங்கள். சென்னைக்கு அருகில் மணலியில் வாழ்ந்தபோது கோட்டையில் ஒலித்த ஐரோப்பிய இசையைக் கேட்டுத்தான் அவர் வயலின் கற்றார். அவர் தமையனார் முத்துசுவாமி தீட்சிதர் அதே ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் (பாடல் வரிகள்) அமைத்தார், அவையே நோட்டுசுவர சாகித்தியங்கள். ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டில் "சந்ததம் பாஹிமாம்" என்று அம்பிகையைப் பாடியவர் அவர்.

பதில் 2: செய்யாறு, கூத்து ஆர்வலர்

காட்பாடி நண்பர் சொன்னவை அனைத்தும் பயனுள்ளவை. ஆனால் கடல் கடந்து போவதற்கு முன் நம் பழைய வடார்க்காட்டையே கொஞ்சம் பாருங்கள். தெருக்கூத்து மேடையில் சிறு நாதசுரம் போன்ற முகவீணையும் மிருதங்கமும் தாளமும் ஹார்மோனியமும் ஒன்றாக இருக்கின்றன. ஹார்மோனியம் ஐரோப்பாவில் பிறந்த கருவி. கமகத்துக்கு ஒத்துவராது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைத் தள்ளியே வைத்திருந்தது. அதே காலத்தில் எங்கள் பக்கத்துக் கூத்துக் கலைஞர்கள் அதை விடிய விடிய வாசித்து, கட்டியங்காரனுக்கும் துரியோதனனுக்கும் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹார்மோனியத்தில் வளைக்க முடியாத சுரத்தை முகவீணைக்காரர் மூச்சாலும் உதட்டாலும் வளைத்துக் கொடுப்பார். ஒரு கருவியால் முடியாததை மற்றொரு கருவி செய்யும் இந்தப் பழக்கத்தைக் கூத்து எந்த விளம்பரமும் இல்லாமல் வளர்த்தெடுத்திருக்கிறது.

இனி உங்கள் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதுதான் இந்த விவாதத்தின் உயிர்நாடி. பம்பை வர்ணிப்பு என்பது கச்சேரி உருப்படி அன்று, அம்மனை அழைக்கும் பாட்டு. எதிரே நிற்பவர் மேல் அருள் வருவதைப் பொறுத்துப் பம்பையின் நடை ஏறும், இறங்கும், சில சமயம் ஒரே அடியில் நீண்ட நேரம் நிற்கும். ஆகவே கணினியில் பதிந்த தாளத்தையோ ரிதம் பெட்டியையோ மேடையில் வைக்கவே வைக்காதீர்கள். அதை வைத்த கணமே பம்பைக்காரர் இயந்திரத்தின் பின்னால் ஓட வேண்டியதாகிவிடும், நீங்கள் சென்ற ஆண்டு பார்த்த காட்சிதான் மறுபடி நடக்கும். மற்ற இருவரும் பம்பைக்காரரின் கையைப் பார்த்து வாசிக்கட்டும்.

அவர்கள் சந்திக்கக்கூடிய இடங்கள் எனக்குத் தெளிவாகவே தெரிகின்றன. அம்மன் பாடல்களில் நாம் அடிக்கடி கேட்பது திஸ்ர நடை, அதாவது ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பகுக்கும் நடை. ப்ளூஸ் கலைஞர்கள் ஷஃபிள் என்று வாசிப்பதும் ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பகுத்து, நடு எண்ணிக்கையை விட்டுவிட்டுத் துள்ளும் நடையே. அந்த மாணவர் ஏற்கெனவே பாதி வழி வந்து நிற்கிறார், அதை அவருக்குச் சொன்னால் போதும். அடுத்தது உடுக்கை. இடையில் உள்ள கயிற்றை இறுக்கும்போது ஒலி மேலே எழும், தளர்த்தும்போது கீழே வழுக்கும். அந்த வழுக்கலுக்கு வயலின் வில்லாலும் கிட்டார் வளைவாலும் விடை சொல்ல முடியும். உடுக்கை ஒரு முறை விம்ம, வயலின் அதே அளவு மட்டும் ஒரு ஜாருவில் (சுர வழுக்கலில்) எழுந்து நிற்பதை மனத்தில் கேட்டுப் பாருங்கள். ராகத்துக்குப் புன்னாகவராளியோ நாதநாமக்கிரியையோ எடுத்துக்கொண்டால், வர்ணிப்பின் மெட்டிலிருந்து வயலின் வெகுதூரம் போக நேராது.

பதில் 3: காட்பாடி, மிருதங்க மாணவர்

செய்யாறு அம்மா உடுக்கையைப் பற்றிச் சொன்னது மிகவும் சரி. அதற்கு உலக அளவில் நல்ல சான்று ஒன்று உண்டு. இந்துஸ்தானி இசைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரும் 1992இல் கலிபோர்னியாவில் ஒரு தேவாலயத்தில் அமர்ந்து ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். பதிவுக்குச் சற்று முன்னர்தான் இருவரும் முதன்முதலாக நேரில் சந்தித்தார்கள். ஒத்திகைக்கே நேரமில்லாத அந்தச் சந்திப்பு எப்படி இசையாயிற்று என்றால், கிட்டாரை மாற்றி அமைத்துப் பட் வாசிக்கும் மோகன வீணையிலும் கூடரின் கிட்டாரிலும் கம்பிமேல் சிறு தண்டு ஒன்றை வழுக்கி ஒலியை வளைப்பதே அடிப்படை. இருவர் கையிலும் ஒரே செயல் முன்பே இருந்தது. கிராமி விருது பின்னால் வந்த செய்தி. நான் மெக்லாக்லினின் நீண்ட பயிற்சியை மட்டுமே வழியாகக் காட்டியிருந்தேன், பொதுவான ஒரு கைவேலை இருந்தால் குறுகிய காலத்திலும் நல்ல இசை பிறக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 4: ராணிப்பேட்டை, மைக் செட் வைத்திருப்பவர்

இசையைப் பற்றிப் பேசும் தகுதி எனக்குக் குறைவு, ஒலியைப் பற்றிச் சொல்கிறேன். பம்பைக்குப் பக்கத்தில் வயலினை உட்கார வைத்தால், வயலினுக்கு வைத்த மைக்கிலும் பம்பைதான் கேட்கும். வயலின் உடலில் ஒட்டும் பிக்கப் ஒன்றைப் பயன்படுத்துங்கள். பம்பைக்குப் பெரிய ஒலிபெருக்கி தேவையில்லை, ஒரு மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தாலே தெருமுனை வரை போகும். கிட்டாரின் ஆம்ப்ளிஃபயர் பம்பைக்காரரின் காதுக்கு நேராக இருக்கக் கூடாது. மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றைப் பம்பைக்காரருக்குக் கட்டாயம் கொடுங்கள், பல மேடைகளில் அவர்களுக்கு மட்டும் அது கிடைப்பதில்லை, மற்றவர் வாசிப்பதைக் கேட்காமலேயே அடிக்க வேண்டியிருக்கிறது. ஆடி மாத இரவில் மழை ஈரம் இருந்தால் தோல் தளர்ந்துவிடும், பம்பையையும் உடுக்கையையும் இழுத்துக்கட்ட நிகழ்ச்சிக்கு நடுவே நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் வயலின் ஆசிரியை தனியே ஓர் ஆலாபனை செய்யலாம்.

பதில் 5: குடியாத்தம் விழாக் குழு உறுப்பினர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பதில்களை அச்செடுத்து நேற்றுக் கோயில் மண்டபத்தில் குழுவினர் முன் படித்துக் காட்டினேன். பம்பைப் பெரியவர் உடுக்கைப் பகுதியை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தாமே உடுக்கையை எடுத்து, இடக்கையால் கயிற்றை அமுக்கி ஒலியை மெல்ல ஏற்றிக் காட்டினார். ஆசிரியை அருகிலேயே இருந்ததால் வயலினில் அதைத் தொடர்ந்து சென்றார், ஆனால் முதலில் சுருதி சேரவில்லை. அவர் பிரடைகளை (முறுக்காணிகளை) திருகிக் கம்பிகளைப் பெரியவரின் குரலுக்கு ஏற்றிக்கொண்ட பிறகு இருவரும் சேர்ந்து நிற்க முடிந்தது. பெரியவர் பாடுவது ஏறத்தாழ 5 கட்டைச் சுருதியில் இருக்கிறது என்று ஆசிரியை சொன்னார்.

குழு எடுத்த முடிவுகளைத் தெரிவிக்கிறேன். வர்ணிப்பு பம்பை உடுக்கையோடு மட்டும் தொடங்கும். அருள் வரும் வேளையில் மற்ற இரு கருவிகளும் ஓய்ந்திருக்கும், அது பெரியவரின் வேண்டுகோள், எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். வயலின் சேர வேண்டிய இடத்தைப் பெரியவரே தலையசைத்துக் காட்டுவார். கிட்டார் முதலில் சுருதிக் கம்பியாக மட்டும் ஒலித்து, திஸ்ர நடை நிலைத்த பிறகு ஷஃபிளுக்கு மாறும். நோட்டீசில் எல்லாக் கலைஞர்களின் பெயரும் ஒரே அளவு எழுத்தில், பம்பைக் குழுவின் பெயர் முதலில் வரும். சன்மானமும் ஆளுக்குச் சமமாகவே தரப்படும்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. கிட்டார் மாணவருக்குத் திறந்த ஈ கம்பியை ஆதாரமாக வைத்து வாசித்தே பழக்கம். 5 கட்டைக்கு அவர் எப்படி வர வேண்டும்?

பதில் 6: காட்பாடி, மிருதங்க மாணவர்

5 கட்டை என்பது மேற்கத்திய ஜி. ஈயிலிருந்து ஜிக்கு மூன்று அரைச்சுரங்கள் உள்ளன. ஆகவே மூன்றாம் மெட்டில் கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வியை) பூட்டிக்கொண்டால், அவர் பழகிய விரல் நிலைகளிலேயே பெரியவரின் சுருதிக்கு வந்துவிடலாம். பாடும்போது பெரியவரின் குரல் அரைக்கட்டை ஏறுவது வழக்கமானால், கேப்போவை ஒரு மெட்டு நகர்த்தினால் போதும், ஆனால் வயலினுக்கும் அதே நேரத்தில் சுருதி மாற்ற வேண்டும் என்பதால் அதை ஒத்திகையிலேயே தீர்மானித்துவிடுங்கள். ஒத்திகை நாளை இங்கே தெரிவித்தால் மிருதங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, கேட்பதற்காக மட்டும் நானும் வருகிறேன்.